பீரோவுக்குள் இருந்த அத்தா

மகள் வீட்டுக்குப் போய் மூன்று மாதம் இருந்துவிட்டு வந்தவள், நம் பள்ளிக் குழுவில் ஒரு நாளாவது தன் முகத்தைக் காட்டினாளா என்று நீங்கள் எல்லோரும் சேர்ந்து என்னைப் பிடித்துக்கொண்டீர்கள். நியாயம்தான். நம் வயதில் விமானம் ஏறினால் ஏறும்போது ஒரு போட்டோ, இறங்கும்போது ஒன்று, பெரிய கடை வாசலில் ஒன்று என்று அனுப்புவதுதான் முறை. நான் அனுப்பியதெல்லாம் விடிகாலைக் கடல், சூரியன், பறவை, மறுபடியும் பறவை. 'கல்ஃபுக்குப் போயி கொக்கு புடிச்சிட்டு வந்தியாடி' என்று ஒருத்தி எழுதினாள். இன்னொருத்தி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாள் போலிருக்கிறது, கடைசிப் படத்தில் வலது ஓரத்தில் வெள்ளையாகத் தெரிவது என்ன பறவை என்று கேட்டிருந்தாள்.

நான் பதில் போடவில்லை. கட்டைவிரலால் தட்டி முடிக்கிற பதில் இல்லை அது. இப்போது உட்கார்ந்து எழுதுகிறேன். நடுவில் எழுந்துபோய் அடுப்பைப் பார்த்துவிட்டு வந்து படித்தாலும் எனக்கு வருத்தமில்லை.

என் அத்தாவை உங்களில் இரண்டொருவர் பார்த்திருக்கலாம். பார்த்திருந்தாலும் முகம் நினைவிருக்காது, ஊரில் அவர் இருந்த நாட்கள் அவ்வளவு குறைவு. லப்பைக்குடிக்காட்டில் நம்மோடு படித்த பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேருக்கு அப்போது அத்தா என்றால் நீல உறையில் வருகிற கடிதம். எனக்கு அப்படி இல்லை. என் அத்தா எங்கள் வீட்டிலேயே இருந்தார். பீரோவுக்குள் இருந்தார்.

சிரிக்காதீர்கள், சொல்கிறேன். நான் பிறந்து நாற்பதாம் நாள் கழிந்த கையோடு அத்தா சபர் போய்விட்டார். வெளிநாட்டுப் பிழைப்புக்குப் போவதை எங்கள் வீடுகளில் சபர் என்றுதான் சொல்வோம். போனவருக்குக் குடும்பப் படம் ஒன்று அனுப்ப வேண்டும். வீட்டிலும் ஒன்று இருக்க வேண்டும். ஆனால் குடும்பத் தலைவர் இல்லாமல் குடும்பப் படம் எப்படி எடுப்பது? அதற்குக் கடைவீதி ஸ்டுடியோக்காரர் ஒரு வழி வைத்திருந்தார். தாயையும் பிள்ளையையும் நாற்காலியில் உட்காரவைப்பார். பின்னால் கையில் கிடைத்த ஒரு ஆளுக்குக் கறுப்புக் கோட்டு மாட்டி நிறுத்துவார். அப்புறம் பாஸ்போர்ட் படத்திலிருந்து கணவரின் தலையை வெட்டி அந்தக் கோட்டுக்கு மேலே ஒட்டி, அதை மறுபடி ஒரு படம் எடுத்து, கன்னத்தில் கொஞ்சம் ரோஸ் சாயம் பூசிக் கொடுத்துவிடுவார். ஊரில் பல வீட்டில் அதே கோட்டுதான். தலைதான் வேறு வேறு.

எங்கள் படத்தில் அம்மா வெட்கப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், மடியில் நான் உருண்டையாக இருப்பேன். பின்னால் கோட்டு போட்ட அத்தா. கழுத்து மட்டும் கொஞ்சம் தடிப்பாக, வேறு யாருடையதோ போல இருக்கும். வேறு யாருடையதோதான். நாற்காலியின் முதுகில் வைத்திருந்த கையில் ஒரு மோதிரம் இருந்தது. அந்தக் கை ஊரில் யாருடைய கை என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

உருவப் படம் சுவரில் தொங்கினால் வீட்டுக்குள் மலக்குகள், அதாவது வானவர்கள், வரமாட்டார்கள் என்பதால் அம்மா அதைச் சட்டம் போட்டு, பச்சை இரும்பு பீரோவின் கதவுக்கு உட்பக்கம் மாட்டியிருந்தாள். படுக்கப் போவதற்கு முன் கதவைத் திறப்பாள். "அத்தாவுக்கு ஸலாம் சொல்லு" என்பாள். நான் சொல்வேன். "முத்தம் குடு" என்பாள். கண்ணாடியில் கொடுப்பேன். என் உதட்டு எண்ணெயில் அத்தாவின் முகம் எப்போதும் மங்கிப்போய் இருக்குமாம், வெள்ளிக்கிழமைதோறும் அம்மா துடைப்பாளாம். இன்றைக்கும் எங்காவது அந்துருண்டை வாசம் வந்தால் எனக்கு அத்தா ஞாபகம்தான் வருகிறது.

எனக்கு மூன்று வயதானபோது அவர் முதல் லீவில் வந்தார். இந்தக் கதையை நான் சொந்த நினைவிலிருந்து சொல்லவில்லை. பக்கத்து வீட்டில் இருந்த பெரியம்மா, அதாவது அத்தாவின் அண்ணன் மனைவி, கல்யாணம், பெயர் வைப்பு, பெருநாள் என்று நாலு பேர் கூடினால் சொல்கிற கதை. எதிரே அத்தா உட்கார்ந்திருந்தாலும் சொல்வாள்.

"பெட்டியத் தூக்கிட்டு உள்ள வராரு. புள்ளயத் தூக்க கைய நீட்டுறாரு. இது ஒரே ஓட்டம். ஓடிப் போயி பீரோவத் தொறந்து, 'எங்க அத்தா இதுல இருக்காரு, நீங்க போங்க'ன்னிச்சு பாரு!"

அந்த இடத்தில் எல்லோரும் சிரிப்பார்கள். பெரியம்மா விடமாட்டாள். "லீவு முடியிற வரைக்கும் இவரு பக்கத்துல படுக்கலங்கறேன். 'இந்த மாமா எப்பம்மா போவாரு'ன்னு தெனம் கேக்கும். போன அன்னக்கி ராவு பீரோவத் தொறந்து, 'அந்த மாமா போயிட்டாரு அத்தா'ன்னு படத்துக்கிட்ட சொல்லுது!"

அத்தாவும் சிரிப்பார். அவர் சிரித்ததை நானே பலமுறை பார்த்திருக்கிறேன். பல் தெரியச் சிரித்துவிட்டு, எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வருவார்.

கம்பெனி மாறியதில் அடுத்த லீவு தப்பிப்போயிற்று. மறுபடி அவர் வந்தபோது எனக்கு எட்டு வயது. நான் சொல்ல வந்தது அந்த மழைக்காலத்தைப் பற்றித்தான். கார்த்திகை அடைமழையில் வந்து இறங்கினார். இந்தமுறை பெட்டியில் எனக்குக் கண் மூடித் திறக்கிற பொம்மை, அம்மாவுக்கு வழுவழுவென்று பூப்போட்ட சேலை, பெரியம்மாவுக்கு டார்ச் லைட். எல்லாவற்றுக்கும் அடியில், துண்டில் சுற்றி, கறுப்புத் தோல் உறை போட்ட கேமரா ஒன்று இருந்தது.

கேமராவைப் பார்த்ததும் அம்மாவின் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். அன்று சோறு போடும்போது கேட்டாள். "நாம மூணு பேரும் நெசமாவே நிக்கிற மாதிரி ஒரே ஒரு போட்டோ எடுத்துக்கணுங்க. அந்தக் கோட்டுக்காரனத் தூக்கிப் போட்டுட்டு அத மாட்டணும்."

"எடுக்கலாம், எடுக்கலாம்" என்றார் அத்தா. அவள் வேறெதையும் கேட்டதாக எனக்கு நினைவில்லை. அந்த மூன்று மாதமும் அவளுக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு படம்தான்.

அத்தா எடுத்ததெல்லாம் பறவை.

விடியும் முன் சுபுஹு தொழுதுவிட்டு மற்ற ஆண்கள் டீக்கடைக்குப் போவார்கள். இவர் வீட்டுக்கு வந்து கேமராவை எடுத்துக்கொண்டு பெரிய ஏரிக்குப் போவார். இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, நான் எழுந்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு அம்மாவிடம் கேட்டார். "புள்ளய ஏரி வரைக்கும் அழைச்சிட்டுப் போவட்டுமா?"

"ஒங்க புள்ளதானே. என்னயக் கேக்குறீங்க?" என்றாள் அம்மா.

அவர் கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டார். என்னைப் பார்த்து, வெளியூர் ஆளைக் கூப்பிடுகிற மரியாதையோடு, "வரீங்களாம்மா?" என்றார்.

போனேன். சாத்திய கடைகளைத் தாண்டி, டீக்கடை பாய்லர் புகையைத் தாண்டினால் வண்டிப் பாதை. இரண்டு பக்கமும் பருத்தி, அதற்கப்பால் சின்ன வெங்காயம். பனி இறங்கிய வெங்காயக் காட்டுக்கு ஒரு வாசனை உண்டே, உங்களுக்குத் தெரியும். கரிசல் மண் செருப்பில் அப்பி, அப்பி, ஏரிக்குப் போய்ச் சேரும்போது நான் ஒரு சாண் வளர்ந்திருப்பேன். அத்தா முன்னால் போவார். கையைப் பிடித்து நடந்து எங்கள் இருவருக்கும் பழக்கமில்லை. கரையில் ஏறும் இடம் மட்டும் வழுக்கும். அங்கே நின்று, திரும்பிப் பார்க்காமல், ஒரு விரலைப் பின்னால் நீட்டுவார். நான் பிடித்து ஏறிக்கொண்டதும் விரலை எடுத்துக்கொள்வார். எனக்கு நாளெல்லாம் அந்த வழுக்கல் நினைப்பாகவே இருக்கும்.

கரைமேல் பனைமரங்கள். ஊரை ஒட்டிய ஆற்றுக்கு அந்தப் பக்கம் எங்கோ கோயிலில் மார்கழிப் பாட்டு கேட்கும். தண்ணீரும் வானமும் ஒரே சாம்பல் நிறமாகக் கிடக்கும். முதலில் பறவைகள் தெரியாது, சத்தம்தான் வரும். பிறகு கிழக்கே கோடு மாதிரி வெளுக்கும்போது, தண்ணீர்மேல் இருந்த கறுப்புப் புள்ளிகளுக்கு ஒவ்வொன்றாகக் கழுத்து முளைக்கும், அலகு முளைக்கும். நாரைகள் தூங்கி எழுந்த கிழவர்கள் மாதிரி தோளைச் சுருக்கிக்கொண்டு நிற்கும். சூரியன் பனைமர உயரத்துக்கு வந்ததும் ஏரி முழுக்கச் சிவந்துபோகும். அத்தா லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்குவார். ஒவ்வொரு அடியாக வைப்பார். கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோவார். அவர் அமுக்குவதற்குள் பறவைகள் எழும்பிவிடும். ஒரு நாளும் தப்பியதில்லை.

அதில் ஒரு பறவையின் மேல்தான் அவருக்குக் கண். வெள்ளை வயிறு, கறுப்பு இறக்கை, குச்சி மாதிரி நீளமாகச் சிவந்த கால். அதன் பெயர் அவருக்குத் தெரியாது. செவப்புக்காலு என்பார்.

"நான் வேல பாக்குற எடத்துக்குப் பக்கத்துல கடல் இருக்கு. காலையில எந்திரிச்சு கரையில நடப்பேன். அங்கயும் இந்தச் செவப்புக்காலு வந்து நிக்கும்" என்றார் ஒருநாள். அன்றைக்கு அவர் பேசியதே பெரிய பேச்சு.

"அதுக்கு ஒங்களத் தெரியுமாத்தா?"

"தெரியும்."

"எப்புடித் தெரியும்?"

கொஞ்சம் யோசித்தார். "அதுக்கு யாரும் போட்டோ காட்டி சொல்லிக் குடுக்கலையே. நேரா என்னயத்தானே பாத்திருக்கு."

எனக்குப் புரியவில்லை. புரியாததைக் கேட்கிற பழக்கமும் எங்களுக்குள் இன்னும் வரவில்லை. அதனால், "என்னய ஒரு போட்டோ எடுங்கத்தா" என்றேன்.

"நீ எதுக்கு? நீதான் இங்க இருக்கியே. கண்ணால பாத்துக்கறேன்" என்றார். அன்றுதான் முதல் தடவையாக என்னை 'நீ' என்றார். போட்டோ கிடைக்காத வருத்தம் அதில் போயே போயிற்று.

முதல் சுருளை ஸ்டுடியோக்காரர் திருச்சிக்கு அனுப்பிக் கழுவி வாங்கினார். வீட்டில் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து பார்த்தோம். எல்லாம் ஏரி. எல்லாம் தண்ணீர். அந்தக் கேமரா பக்கத்தில் நிற்கிற ஆளை எடுக்கச் செய்தது, தூரத்துப் பறவை அதற்குக் கொசு. ஒவ்வொரு படத்திலும் நாலைந்து புள்ளிகள். பெரியம்மா படத்தைத் தலைகீழாகக்கூடப் பிடித்துப் பார்த்தாள்.

"இதுல கொக்கு எங்கங்க?"

அத்தா நகத்தால் தொட்டுக் காட்டினார். "இதோ, இது நார. இது செவப்புக்காலு. இது அப்பத்தான் எறங்குது." அவருக்கு ஒவ்வொரு புள்ளியையும் தெரிந்திருந்தது.

"ஊரு ஆம்புளைங்க லீவுல வந்தா மாமியா வூட்டு விருந்துக்குப் போவாங்க. எங்க கொழுந்தனாரு கொக்கு வூட்டு விருந்துக்குப் போறாரு" என்றாள் பெரியம்மா. சிரித்தோம். அம்மா மட்டும் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து முடித்து, மறுபடி முதலிலிருந்து பார்த்தாள். எங்கள் வீட்டு வாசல்படிகூட அதில் ஒன்றிலும் இல்லை.

அதற்குப் பிறகு அம்மா சும்மா இருக்கவில்லை. ஸ்டுடியோவுக்காவது வாங்க என்று அத்தாவை நச்சரித்து ஒரு மாலை அழைத்துக்கொண்டு போனாள். புதுச் சேலைக்கு மேலே, தலையோடு போர்த்திய வெள்ளைத் துப்பட்டி. எனக்கு இரட்டைப் பின்னல். உள்ளே ஒரே சூடு, விளக்கு, பவுடர் வாசனை. ஸ்டுடியோக்காரர் அம்மாவை நாற்காலியில் உட்காரவைத்து, என்னைப் பக்கத்தில் நிறுத்தி, கேமராவுக்குப் பின்னால் போய்க் குனிந்து பார்த்தார். பிறகு நிமிர்ந்து அத்தாவிடம் சொன்னார். "பாய், நீங்க செத்த ஓரமா வாங்க. நெழலு வுழுவுது."

அத்தா ஓரமாக வந்துவிட்டார். தான்தான் அவள் கணவர் என்று சொல்லவேயில்லை. அம்மாதான் முகமெல்லாம் சிவந்து, "அவங்கதான் புள்ளயோட அத்தா" என்றாள்.

"அடடே! மன்னிச்சுக்குங்க பாய். இந்த நாக்காலிக்குப் பின்னாடி சொந்த ஆளு வந்து நின்னு நாளாச்சுல்ல, பழக்கமில்லாம போச்சு" என்றார் அவர். நல்ல மனிதர், மனதார வருந்தித்தான் சொன்னார். வருந்திய வேகத்தில் ஆணியில் தொங்கிய கோட்டை எடுத்து உதறினார். "இதப் போட்டுக்குங்க. ஒங்களுக்கு இது ரொம்ப ராசி."

அந்தக் கோட்டு. பித்தளைப் பொத்தான், கைமடிப்பில் தேய்ந்த பளபளப்பு. அத்தா அதைக் கையில் வாங்கினார். துணிக்கடையில் பார்ப்பதுபோல விரலால் தேய்த்துப் பார்த்தார். காலரில் மூக்கை வைத்தாரா, இல்லை நானாக இப்போது சேர்த்துக்கொள்கிறேனா, தெரியவில்லை. திருப்பிக் கொடுத்தார். "இவங்கள மட்டும் எடுங்க" என்று சொல்லிவிட்டு வெளியே போய்த் தெருவில் நின்றுகொண்டார்.

அம்மா நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள். படம் எடுக்கவில்லை. 

அவர் கிளம்புவதற்கு முதல் நாள் காலை, நாங்கள் ஏரிக்கரையில் இருந்தோம். சுருளில் ஒரே ஒரு படம் மிச்சம் இருந்தது. பனைமரத்தடியில் யாரோ வருவது தெரிந்தது. அம்மா. அந்த நேரத்தில் எங்கள் வீட்டுப் பெண்கள் யாரும் அந்தப் பக்கம் வந்து நான் பார்த்ததில்லை. கரிசலில் செருப்பு புதைந்து, அதைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். பூப்போட்ட சேலையின் கரையெல்லாம் சேறு.

"ஸ்டுடியோதான் புடிக்கல. இங்கயாவது நில்லுங்க" என்றாள். மூச்சு வாங்கியது. "புள்ள எடுக்கட்டும்."

அத்தா கேமராவை என் கழுத்தில் மாட்டினார். எங்கே பார்க்க வேண்டும், எதை அமுக்க வேண்டும் என்று காட்டினார். போய் அம்மாவுக்குப் பக்கத்தில், ஒரு கை தள்ளி நின்றார். நான் கண்ணை வைத்தேன். சின்னச் சன்னலுக்குள் இரண்டு பேரும் இருந்தார்கள். பின்னால் சூரியன் அப்போதுதான் தண்ணீரை விட்டுக் கிளம்பியிருந்தது. அம்மா துப்பட்டியைச் சரிசெய்து, தலையை நிமிர்த்தினாள். அவ்வளவு அழகான அம்மாவை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

அத்தாவின் முகம் என்னவோ போல ஆயிற்று. சன்னலை விட்டு வெளியே வந்துவிட்டார்.

"என்னய வேணாம்மா. அத எடு" என்றார். கையை நீட்டினார். நாலைந்து செவப்புக்காலுகள் ஆழமில்லாத இடத்தில் நின்றிருந்தன. அவர் சொன்னார் என்று திரும்பினேன், அமுக்கினேன். அவை எழும்பிப் பறந்தன.

அம்மா செருப்பைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டாள். "சரி விடுங்க" என்றாள். வந்த வழியே நடந்தாள். அத்தா அவள் பின்னால் இரண்டு அடி வைத்து நின்றுவிட்டார். கூப்பிடவில்லை. எனக்கு அழுகை வந்தது, யாருக்காக என்றுதான் தெரியவில்லை. மறுநாள் அவர் "வரேன்" என்று சொல்லிவிட்டுப் பெட்டியோடு பஸ் ஏறினார். அம்மா கதவுக்குப் பின்னால் நின்றாள்.

அந்தச் சுருள் கழுவி வந்தபோது அவர் போய்ப் பல வாரம் ஆகியிருந்தது. கடைசிப் படத்தில் சூரியன், தண்ணீர், நாலைந்து புள்ளிகள். வலது ஓரத்தில் வெள்ளையாக ஒன்று. "இந்தா, இந்தக் கொக்கு ஒண்ணு ஒழுங்கா வந்திருக்கு" என்றாள் பெரியம்மா. அது அம்மாவின் துப்பட்டி. காற்றில் பறந்த ஒரு முனை. அம்மா அதைச் சொல்லவில்லை. படங்களை எல்லாம் உறையில் போட்டு அத்தாவுக்கு அனுப்பிவிட்டு, வெள்ளிக்கிழமையன்று பீரோவைத் திறந்து கோட்டுக்காரரின் கண்ணாடியைத் துடைத்தாள்.

மிச்சத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அத்தா என் கல்யாணத்துக்கு அப்புறம்தான் ஒரேயடியாக ஊர் திரும்பினார். அதிகம் பேசாமல், யாருக்கும் தொந்தரவில்லாமல் சில வருடம் இருந்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். என் கல்யாணப் படங்களிலும் அவர் இல்லை, பந்தியில் நின்றேன் என்றார். கேமரா எங்கே போயிற்று என்று யாருக்கும் தெரியாது. அம்மா இரண்டு வருடத்துக்கு முன் மவுத்தானாள். கடைசிவரைக்கும் அவளிடம் ஒரு வாக்கியம் இருந்தது. "அவங்களுக்கு எங்கூட நிக்கப் புடிக்கல" என்பாள். கண்ணீர் எல்லாம் விடமாட்டாள். அவருக்குக் கத்தரிக்காய் பிடிக்காது என்பதுபோல, ஒரு தகவலாகத்தான் சொல்வாள். நானும் அதை அப்படியே நம்பினேன். வீட்டைக் காலி செய்தபோது பீரோவைப் பழைய இரும்புக்காரர் வந்து தூக்கிப்போனார். கதவுக்கு உட்பக்கம் பார்க்க வேண்டும் என்பது, வண்டி தெருமுனை திரும்பிய பிறகுதான் எனக்கு உறைத்தது.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

என் பேத்திக்கு மூன்று வயது. அங்கேயே பிறந்தவள். பிறந்ததிலிருந்து தினமும் சாயங்காலம் போனில் அவளோடு பேசுகிறேன். பாட்டுப் பாடுவேன், மாடு மாதிரி கத்துவேன், அவள் உதட்டைக் குவித்துத் திரையில் முத்தம் வைப்பாள். "நன்னிமா" என்று அவள் கூப்பிடுகிற அழகை உங்களிடம் எத்தனை முறை சொல்லி அறுத்திருக்கிறேன். அந்தப் பிள்ளையைப் பார்க்கத்தான் மூட்டுவலியோடு விமானம் ஏறினேன். வாசலில் நின்று இரண்டு கையையும் நீட்டினேன். அவள் பின்வாங்கினாள். என் மகளின் கையிலிருந்த போனைப் பிடுங்கி, அதைக் காட்டி, "நன்னிமா இதுல இருக்காங்க" என்றாள்.

எல்லோரும் சிரித்தோம். மருமகன் அதை வீடியோ எடுத்து அனுப்பினார். நீங்களும் பார்த்தீர்கள். கண்ணில் நீர் வரச் சிரிக்கிற மஞ்சள் மூஞ்சிகளை வரிசையாக அனுப்பினீர்கள். உங்களைக் குறை சொல்லவில்லை, நானும் சிரித்தேன். பல் தெரியத்தான் சிரித்தேன். அப்புறம் குளியலறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டேன்.

நாலைந்து நாள் கழிந்தும் அவள் என்னிடம் வரவில்லை. கூடத்தில் எதிரே உட்கார்ந்து நான் பாடினால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அடுத்த அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு போன் போட்டால், "நன்னிமா!" என்று குதிப்பாள். கதவுக்கு அந்தப் பக்கம் அவள் குதிக்கிற சத்தம் எனக்குக் கேட்கும். ஒருநாள் போனில் என்னிடமே ரகசியமாகச் சொன்னாள்: "எங்க வூட்டுக்கு ஒரு பாட்டி வந்திருக்காங்க."

அன்று தூக்கம் வரவில்லை. சுபுஹு தொழுதுவிட்டு உட்கார்ந்திருந்தேன். மகள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "வாங்கம்மா, கடக்கரைக்குப் போயிட்டு வரலாம்" என்றாள். கிழக்கு பார்த்த கரை. மணல் குளிர்ந்து கிடந்தது. அலையே இல்லை, நம் ஏரி மாதிரிதான் தண்ணீர். நடந்தோம். கோடு மாதிரி வெளுத்தது. தண்ணீரில் இருந்த புள்ளிகளுக்குக் கழுத்து முளைத்தது, அலகு முளைத்தது. நான் நின்றுவிட்டேன். வெள்ளை வயிறு, கறுப்பு இறக்கை, நீளமாகச் சிவந்த கால்.

என்னை அவை ஒரு தடவை பார்த்தன, பயப்படவில்லை, மறுபடி இரை பொறுக்கப் போயின. யாரும் அவற்றுக்குப் படம் காட்டி, இதுதான் உன் நன்னிமா என்று சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. அது அவ்வளவு ஆறுதலாக இருந்தது. அப்போது எனக்கு அத்தாவின் மேல் வந்த பாசத்தை எப்படிச் சொல்வேன்! அந்தக் கோட்டுக்காரரைத் தூக்கிப்போட வேண்டும் என்று அம்மா நினைத்தாள், நிஜ அத்தாவை அங்கே மாட்ட வேண்டும் என்று. அத்தாவோ, இன்னொரு படம் மாட்டினால் அதற்கும் நான் முத்தம் கொடுக்கப் பழகிக்கொள்வேன், தான் மறுபடி வரும்போது வாசலில் மாமாவாகத்தான் நிற்க வேண்டும் என்று பயந்தார். இரண்டு பேருக்கும் ஒரே படத்தின்மேல்தான் கோபம். ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை. இதை யாரிடம் சொல்ல வேண்டுமோ அவள் இப்போது இல்லை. கடற்கரையில் நின்று, அம்மா, அப்படி இல்லம்மா, உன்னோடு நிற்கப் பிடிக்காமல் இல்லம்மா என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டேன்.

சூரியன் தண்ணீரை விட்டுக் கிளம்பியது. மகள் போனைத் தூக்கினாள். "ம்மா, இப்புடி திரும்பி நில்லுங்க. சூரியன் பின்னாடி வருது, சூப்பரா இருக்கும். பாப்பாவுக்குக் காட்டலாம்."

நான் நகர்ந்துவிட்டேன்.

"என்னய வேணாம்ப்பா. அத எடு" என்றேன்.

அவள் திரும்பி எடுத்தாள். காற்று அடித்தது. நீங்கள் பார்த்த கடைசிப் படம் அதுதான், மற்ற விடிகாலைப் படங்களுக்குப் பிறகுதான் அதை அனுப்ப மனம் வந்தது. வலது ஓரத்தில் வெள்ளையாக இருப்பது பறவை இல்லை. என் துப்பட்டி.